சரக்குக் கணக்கு

நரேன் கார்த்திகேயன் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோயம்புத்தூர்க்காரர். 2005-ல் ஃபார்முலா ஒன் கார் ஓட்டிய முதல் இந்தியர். சரி. அவர் டிரக் ஓட்டிய கதை தெரியுமா?

டிரக் என்றதும் நாமக்கல் லாரியைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்கும் டிரக் என்றுதான் பெயர். நம் ஊரில் வாழைத்தாரும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு போகிற பொலிரோ பிக்கப் இருக்கிறதே, அதன் பணக்காரப் பெரியப்பா. நாஸ்கார் என்ற அமைப்பு 1995 முதல் இந்த வண்டிகளுக்கென்றே தனிப் பந்தயத் தொடர் நடத்துகிறது. 2010-ல் நரேன் அதில் ஓட்டினார். நாஸ்கார் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரும் அவர்தான்.

முதல் பந்தயம் அந்த ஆண்டு மார்ச்சில், விர்ஜீனியா மாநிலத்தில் மார்ட்டின்ஸ்வில் என்ற சின்ன ஊரில். முட்டை வடிவ ஓடுதளம். ஓவல் என்பார்கள். இரண்டு பக்கமும் நீளமான நேர்கோடு, இரண்டு முனையிலும் குறுகலான வளைவு. அதனால் அந்த ஊர்க்காரர்கள் வைத்த செல்லப் பெயர் ‘பேப்பர் கிளிப்’. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, 850 மீட்டர் அளவுதான். அப்படி 250 சுற்று. எப்போதும் இடது பக்கமே திரும்ப வேண்டும்.

“இதில் என்ன சார் இருக்கிறது, செக்கு மாடு மாதிரி?” என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பார்க்கப் பார்க்கத்தான் புரிகிறது. முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் அந்தச் சின்ன வட்டத்தில் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. நேர்கோட்டில் முழு வேகம். வளைவில் முழு பிரேக். பிரேக் தட்டு சூடேறிச் சிவப்பாக எரிவது சக்கரத்தின் இடைவெளியில் தெரியும். முன்னால் போகிறவரை மெல்ல இடித்து, வழியை விட்டு நகர்த்திவிட்டு முந்துவது அங்கே ஒரு கலை. மெல்ல இடித்தால் பந்தயம், பலமாக இடித்தால் விபத்து. அந்த வித்தியாசம் ஓட்டுநரின் வலது காலில் இருக்கிறது. ஜெயித்தால் கோப்பை கிடையாது. 1964 முதல் அந்த ஊரில் பரிசு, ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய கடிகாரம்.

நரேன் அன்று 13-வதாக முடித்தார். அதுவரை ஓவலில் பழகிய அமெரிக்கர்கள் நடுவில் அது நல்ல இடம். அந்த ஆண்டு முடிவில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு டிரக் தொடரின் ‘மிகப் பிரபலமான ஓட்டுநர்’ என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஜனங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எவ்வளவு சுறுசுறுப்பாக ஓட்டுப் போடுவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் சொல்வது நரேனின் புகழ் பாட அல்ல. அந்தப் பந்தயத்தின் பெயரிலேயே ஒரு சொல் இருக்கிறது. ‘ஸ்டாக்’. ஸ்டாக் கார், ஸ்டாக் டிரக். கடையில் இருப்பில் உள்ள வண்டியை அப்படியே எடுத்துவந்து ஓட்டுவது என்று அர்த்தம். 1949-ல் நாஸ்கார் தொடங்கிய முக்கியப் பந்தயத் தொடருக்கே ‘ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்’ என்றுதான் பெயர். இப்போது ஓடுவது பெயருக்குத்தான் ஸ்டாக். உள்ளே எல்லாம் பந்தயத்துக்கென்றே செய்தவை. முன்னால் தெரியும் ஹெட்லைட்கூட ஸ்டிக்கர்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு ஸ்டாக் என்றால் ஞாபகம் வருவது ஸ்டாக் ரிஜிஸ்டர். தொடக்க இருப்பு, வரவு, விற்பனை, இறுதி இருப்பு. தமிழில் ‘சரக்கிருப்பு’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். பேராசிரியர் ‘சரக்கு’ என்று சொன்னாலே பின் பெஞ்சு சிரிக்கும். நான் எழுத வந்தது அந்த இரண்டு சரக்கையும் பற்றித்தான்.

நாஸ்கார் எங்கிருந்து வந்தது? சாராயத்திலிருந்து. இதை நான் அபாண்டமாகச் சொல்லவில்லை. அவர்களே மார்தட்டிச் சொல்லிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் தென்கிழக்கு மலைப் பகுதிகளில் வரி கட்டாமல் காய்ச்சிய சாராயத்தை இரவோடு இரவாகக் கடத்த, பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும் கார்களின் எஞ்சினை முடுக்கி வைத்திருந்தார்கள். யார் கார் வேகம் என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் வயல்வெளியில் போட்டி. அந்தப் போட்டிக்கு ஒழுங்கு கொண்டுவந்து 1948-ல் நாஸ்காரைப் பதிவு செய்தார் பில் ஃபிரான்ஸ். 1949-ல் முதல் சாம்பியன் ஓட்டிய காரின் சொந்தக்காரரே சாராயத்தில் சம்பாதித்து, அதற்காகச் சிறைக்கும் போய்வந்தவர். நரேன் ஓட்டிய மார்ட்டின்ஸ்வில் ஓடுதளம் நாஸ்காரைவிட மூத்தது, 1947-ல் திறந்தது. அதற்குப் பக்கத்து மாவட்டமான ஃபிராங்க்ளின், ‘உலகக் கள்ளச்சாராயத் தலைநகரம்’ என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்கிறது. சுற்றுலாப் பயணிகளிடம் பெருமையாக!

இந்தக் கதைக்கு ஒரு கதாநாயகன் உண்டு. ஜூனியர் ஜான்சன். வட கரோலினாக்காரர். சாலையில் போலீஸ் அவரைத் துரத்திப் பிடித்ததே இல்லை. 1956-ல் அப்பாவின் சாராய அடுப்பருகே நின்றபோதுதான் மாட்டினார். பதினோரு மாதம் சிறை. பந்தயத்தில் மொத்தம் 50 வெற்றி. 1965-ல் டாம் வுல்ஃப் என்ற பிரபல எழுத்தாளர் ‘எஸ்கொயர்’ பத்திரிகையில் இவரைக் கடைசி அமெரிக்க வீரன் என்று கொண்டாடினார். அப்புறம் சினிமா வந்தது. 1986-ல் ஜனாதிபதி ரீகன் மன்னிப்பு வழங்கினார். 2010-ல், நரேன் ஓட்டிய அதே ஆண்டில், நாஸ்கார் தன் புகழ் மண்டபத்தைத் திறந்தபோது முதல் ஐந்து பேரில் ஜான்சனும் ஒருவர். மண்டபத்தில் வைக்க அவர் கையாலேயே ஒரு சாராய அடுப்பு செய்துகொடுத்தார். இன்று குடும்பத்தோடு போய் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல கதைதான். துணிச்சல், வேகம், ஏழை வீட்டுப் பிள்ளையின் முன்னேற்றம் எல்லாம் இருக்கிறது. நம் சினிமாக்காரர்கள் கேள்விப்பட்டால் பாட்டோடு எடுத்துவிடுவார்கள். ஆனால் கணக்குப் படித்தவனுக்கு ஒரு கேள்வி வராமல் போகாது. வண்டியில் சரக்கு போனது சரி. அந்தச் சரக்கு யார் வயிற்றுக்குள் போனது?

வரவு இருந்தால் பற்று இருக்க வேண்டும். புகழ் மண்டபத்தில் ஓட்டியவன் இருக்கிறான், காய்ச்சியவன் இருக்கிறான். குடித்தவன் இல்லை. பழைய கார்களின் ரேடியேட்டரைக் கழற்றிச் சாராயம் குளிர வைக்கப் பயன்படுத்தியதும், அதன் ஈயம் கரைந்து குடித்தவர்களின் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுத்ததும் அமெரிக்க மருத்துவ நூல்களில் இருக்கிறது. 1951 அக்டோபரில் அட்லாண்டா நகரில் ஒருவன் மெத்தனாலைச் சாராயம் என்று விற்றான். முப்பத்தைந்து பேருக்கு மேல் செத்தார்கள். பலருக்குக் கண் போயிற்று. பெரும்பாலும் கறுப்பின ஏழைகள். நாஸ்கார் பிறந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அதே தெற்குப் பகுதி. அதே சரக்கு வழி. இவர்களைப் பற்றிய சினிமா எனக்குத் தெரிந்து யாரும் எடுக்கவில்லை.

மெத்தனால் என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு நெஞ்சு திடுக்கென்றிருக்கும். அங்கேதான் வருகிறேன். அதற்கு முன் ஓடுதளத்தில் இன்னும் ஒரு சுற்று.

நாஸ்கார் வண்டிகள் பெட்ரோலில் ஓடுகின்றன. 2011 முதல் அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு எத்தனால். ஆனால் அமெரிக்காவின் மிகப் பழைய ஓவல் பந்தயமான இண்டியானாபொலிஸ் 500-ல் பல பத்தாண்டுகள் எரிபொருள் எது தெரியுமா? மெத்தனால். 1964-ல் இரண்டாவது சுற்றிலேயே பெட்ரோல் தீப்பிடித்து இரண்டு ஓட்டுநர்கள் இறந்தார்கள். அதன் பிறகு பெட்ரோலை விட்டுவிட்டு மெத்தனாலுக்கு மாறினார்கள். மெத்தனால் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம் என்பது ஒரு காரணம். 2007-ல்தான் முழுக்க எத்தனாலுக்குப் போனார்கள். மண் ஓவல்களில் ஓடும் குட்டிக் கார்கள் இன்றும் மெத்தனாலில்தான் ஓடுகின்றன.

மெத்தனால் தீக்கு ஒரு கெட்ட குணம். வெயிலில் கண்ணுக்கே தெரியாது. 1981-ல் எரிபொருள் நிரப்பும்போது சிந்தி, ஓட்டுநர் ரிக் மியர்ஸ் எரிந்துகொண்டிருந்தார். சுற்றி நின்றவர்களுக்கு அவர் ஏன் துள்ளுகிறார் என்றே முதலில் புரியவில்லை. அதனால்தான் அதைத் தொடுகிறவன் தீப்பிடிக்காத உடையும் கையுறையும் போட்டிருப்பான், பக்கத்தில் தண்ணீரோடு ஆள் நிற்பான். எவ்வளவு வந்தது, எவ்வளவு நிரப்பியது, எவ்வளவு மீதி என்பதற்குக் கணக்கு உண்டு.

எரிபொருள் விஷயத்தில் பந்தயக்காரர்கள் கஞ்சனைவிடக் கறார். நாஸ்காரில் அணிகள் தங்கள் இஷ்டத்துக்கு எரிபொருள் கொண்டுவர முடியாது. ஒரே நிறுவனம் எல்லோருக்கும் கொடுக்கும். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் வண்டியை அளப்பார்கள், எடை போடுவார்கள், பிரித்துப் பார்ப்பார்கள். 2007 பிப்ரவரியில் டேடோனா 500 பந்தயத்துக்கு முந்தைய சோதனையில், மைக்கேல் வால்ட்ரிப் என்ற புகழ்பெற்ற ஓட்டுநரின் வண்டி எஞ்சினுக்குள் எரிபொருளில் சேரக் கூடாத ஏதோ ஒரு பொருள் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். யாரும் சாகவில்லை. யாருக்கும் தலைவலிகூட இல்லை. வண்டி கொஞ்சம் வேகமாகப் போயிருக்கலாம், அவ்வளவுதான். அதற்கு ஒரு லட்சம் டாலர் அபராதம், 100 புள்ளி வெட்டு, தலைமை மெக்கானிக் வெளியே. எல்லாம் பந்தயம் தொடங்குவதற்கு முன்பே முடிந்தது.

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வாருங்கள்.

சென்னையிலிருந்து புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணத்தைத் தாண்டித்தான் போகிறீர்கள். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பளம், ஓரத்தில் கூம்பு கூம்பாகக் குவித்த உப்பு. காரை நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கொள்கிறீர்கள். அந்தக் கடலோரத்தில் ஒரு மீனவக் கிராமம் எக்கியார்குப்பம். 2023 மே மாதம் வரை உங்களுக்கும் எனக்கும் அந்தப் பெயர் தெரியாது.

மே 13, சனிக்கிழமை. பாக்கெட்டில் விற்ற சாராயத்தை வாங்கிக் குடித்தார்கள். வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஓட்டம். மரக்காணம் பக்கம் மட்டும் 14 பேர் செத்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பக்கம் 8 பேர். மொத்தம் 22. அது காய்ச்சிய சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படுத்தும் மெத்தனால் என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபுவே அறிக்கை விட்டார்.

கவனியுங்கள். ஓடுதளத்தில் கையுறை போட்டுத் தொடுகிற அதே திரவம். இங்கே பாலிதீன் பாக்கெட்டில், பல்லால் கடித்துத் திறந்து, தொண்டைக்குள்.

உடம்புக்குள் போன மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம். அது முதலில் கண் நரம்பைப் பிடிக்கும். குடித்தவுடன் தெரியாது. சாதாரணப் போதைதான் இருக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். இதில் ஒரு குரூரமான வேடிக்கை, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாற்று மருந்துகளில் ஒன்று எத்தனால். அதாவது நிஜச் சாராயம். சீக்கிரம் போனால் பிழைக்கலாம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து, மானத்துக்குப் பயந்து, ‘விடிஞ்சா சரியாயிடும்’ என்று படுத்தவனுக்கு விடிவதில்லை.

உடனே ஒரு குரல் கேட்கும். எனக்கு வரும் கடிதங்களிலும் அதுதான் அதிகம். “குடிக்காமல் இருந்தால் செத்திருப்பார்களா? குடித்துச் செத்தவனுக்கு என் வரிப்பணத்தில் பத்து லட்சமா?” அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து லட்ச ரூபாய் கொடுத்ததில் உங்களுக்குக் கோபம். ஐயா, வேகமாக ஓட்டினால் ஆபத்து என்று தெரிந்தேதான் நரேனும் ஓட்டினார். அதற்காகப் பந்தயம் நடத்துகிறவன் தளத்தில் எண்ணெய் கொட்டி வைக்கலாமா? குடிப்பது ஒரு தப்பு என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தப்புக்குத் தண்டனை கண் போவதும் உயிர் போவதும் என்று எந்த நீதிபதி தீர்ப்பு எழுதினார்? அதே சனிக்கிழமை மாலை சென்னையில் குளிரூட்டிய அறையில் குடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை எழுந்து காபி குடித்தார்கள். எக்கியார்குப்பத்துக்காரர் செய்த அதிகப்படியான குற்றம், கையில் காசு குறைவாக இருந்தது மட்டும்தான்.

இன்னொரு குரல், பூரண மதுவிலக்கு. அமெரிக்கா 1920 முதல் 1933 வரை அதையும் செய்து பார்த்தது. அப்போது ஆலைச் சாராயத்தை யாரும் திருடிக் குடிக்கக் கூடாது என்று அரசாங்கமே அதில் மெத்தனாலைக் கலக்க வைத்தது. ஜனங்கள் அதையும் குடித்தார்கள், செத்தார்கள். சாகட்டும் என்று விடுவது அரசாங்கம் செய்கிற வேலையா என்று நியூயார்க்கின் தலைமைப் பிணப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ் பகிரங்கமாகச் சண்டை போட்டார். மதுக்கடை இருக்க வேண்டுமா, மூட வேண்டுமா என்பது பெரிய வாதம், இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் மெத்தனால் பேரல் வெளியே வரக் கூடாது. என் சண்டை அந்தப் பேரலோடு.

ஏன் பேரல்? ஏனென்றால் மெத்தனாலை யாரும் காட்டுக்குள் ஊறல் போட்டுக் காய்ச்சுவதில்லை. அது ஆலைச் சரக்கு. பெயின்ட், தின்னர், பிளைவுட் பசை, மருந்து என்று பல தொழிலுக்கு வேண்டும். நம் நாட்டுக்குத் தேவையானதில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. கப்பலில் வந்தால் சுங்கத்தில் பில் இருக்கும். துறைமுகத் தொட்டியில் அளவு இருக்கும். டேங்கர் லாரிக்கு வண்டி எண், டிரைவர், எடைச்சீட்டு இருக்கும். வாங்கியவருக்கு ஜி.எஸ்.டி. எண் இருக்கும். நான் படித்த வணிகவியலில் இதைவிடச் சுலபமாகக் கணக்கு வைக்கக்கூடிய சரக்கு கிடையாது. கடலில் மீன் எண்ணச் சொல்லவில்லையே.

ஓட்டை எங்கே? கடைசியில். பெரிய டேங்கர் சில்லறைப் பேரலாக மாறுகிற இடத்தில். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய்க்குக் குறைந்த சரக்குக்கு ஈ-வே பில் வேண்டியதில்லை. நாலைந்து பேரல் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். ஒரு பிக்கப் வண்டியில் தார்ப்பாய் போட்டு ஏற்றினால் அது பெயின்டா, தின்னரா, விஷமா என்று யாருக்குத் தெரியும்? இங்கேயும் டிரக் ஓடுகிறது, பாருங்கள். சோதிக்க ஆள் இல்லாத ஓடுதளத்தில்.

மரக்காணத்தில் உப்பு ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறாமல் வெளியே போக முடியாது. வெறும் வண்டி எடை, சரக்கு வண்டி எடை, வித்தியாசத்துக்குச் சீட்டு. மூட்டை குறைந்தால் வியாபாரி விடமாட்டார். காலில் உப்பு அரித்து வெடித்த கூலியாள் எத்தனை பாத்தி வாரினார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சோற்றில் போடும் உப்புக்கு இருக்கிற கணக்கு, அரை அவுன்ஸ் உள்ளே போனால் ஆளைக் குருடாக்கும் சரக்குக்கு இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மெத்தில் ஆல்கஹாலைக் கட்டுப்படுத்த 1959-லேயே விதி எழுதிய மாநிலம் இது. அதற்குப் பிறகு 2001-ல் பண்ருட்டிப் பக்கம் சாவு. 2023-ல் எக்கியார்குப்பம். அதிலும் பாடம் வரவில்லை. சரியாகப் பதின்மூன்று மாதம் கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரம். அறுபதுக்கும் மேல். ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, அறிக்கைகளின் வாசகம்கூட அதிகம் மாறவில்லை. அதிகாரிகள் சஸ்பெண்ட், விற்றவர்கள் கைது, மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கில் வழக்கு, ஊறல் அழிப்புப் படம். காட்டில் பானையை உடைத்துப் படம் எடுத்தால் ஆலையிலிருந்து வந்த பேரல் எப்படிப் பிடிபடும்? கள்ளக்குறிச்சிக்குப் பின் தண்டனையை ஆயுள் வரை கூட்டினார்கள். கூட்டட்டும். தண்டனை என்பது செத்த பிறகு வருவது. ஸ்டாக் ரிஜிஸ்டர் சாவதற்கு முன்னால் பார்ப்பது.

பணக் கணக்கும் போட்டுவிட்டேன். எக்கியார்குப்பம், சித்தாமூர், கள்ளக்குறிச்சி மூன்றும் சேர்த்து உயிருக்குப் பத்து லட்சம் வீதம் எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறோம். மெத்தனால் உரிமம் வைத்திருக்கும் ஒவ்வொரு ஆலைக்கும் மாதம் ஒருமுறை ஒரு ஆள் போய்த் தொட்டியில் அளவுகோல் விட்டுப் பார்க்க இதில் எவ்வளவு செலவாகியிருக்கும்? பேரலுக்கு எண் போட்டு, முத்திரை வைத்து, காலி பேரல் திரும்பி வந்ததா என்று பதிவு செய்ய எவ்வளவு? கேஸ் சிலிண்டருக்குச் செய்கிறோமே.

நம் அரசால் முடியாது என்று சொல்லாதீர்கள். கள்ளக்குறிச்சி நடந்து இரண்டரை மாதத்தில், 2024 ஆகஸ்ட் 31 அன்று, சென்னை தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டருக்கு ஃபார்முலா 4 பந்தயம் நடத்திக் காட்டினார்கள். தெருவில் இரவுப் பந்தயம். அந்த முதல் நாள் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? சர்வதேச மோட்டார் அமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் வரத் தாமதம். அது கையில் வரும் வரை கார் ஓடவில்லை. அமைச்சர்கள், நட்சத்திரங்கள், டிக்கெட் வாங்கிய கூட்டம் எல்லோரும் காத்திருந்தார்கள். சாக்கடை மூடி ஒழுங்காக மூடியிருக்கிறதா என்பது வரை பார்த்தார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். காகிதம் வரவில்லை என்றால் வண்டி நகராது என்ற ஒழுக்கம் இந்த அரசுக்கும் வரும் என்று தெரிந்துகொண்டேன். அந்தச் சான்றிதழ் கேட்டவர் வெளிநாட்டுக்காரர். எக்கியார்குப்பத்துக்காக அப்படிக் கேட்க ஆள் இல்லை.

வீரக் கதையில் எனக்கு இருக்கும் கோபமும் இதனால்தான். அமெரிக்காவில் சாராயம் கடத்தியவனைப் புகழ் மண்டபத்தில் வைத்தார்கள். நாம் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நாம் தேடுவதும் ஒரு ஆளைத்தான். ‘சாராய வியாபாரி யார், எந்தக் கட்சி, எந்த ஜாதி, யாரோடு நிற்கிற போட்டோ இருக்கிறது’ என்று டி.வி.யில் நான்கு நாள் ஓடும். வில்லன் கிடைத்தால் கதை முடிந்தது. அவனுக்குப் பேரல் விற்ற கம்பெனியின் தொட்டியில் அன்று இறுதி இருப்பு எவ்வளவு என்று ஒரு நிருபரும் கேட்பதில்லை. என் தொழிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லெட்ஜரைப் படம் பிடித்தால் யார் பார்ப்பார்கள்?

பார்க்க வைக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்தான் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்கள் மாவட்டக் கலெக்டர் அலுவலகத்தில் மதுவிலக்கு, ஆயத்தீர்வை உதவி ஆணையர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எழுதுங்கள். நம் மாவட்டத்தில் மெத்தனால் வைத்திருக்க உரிமம் பெற்றவர்கள் எத்தனை பேர்? கடந்த ஓராண்டில் அவர்கள் வாங்கியது எத்தனை லிட்டர், பயன்படுத்தியது எத்தனை, மீதி எத்தனை? அதிகாரிகள் எந்தெந்தத் தேதியில் நேரில் போய் அளந்தார்கள்? அளந்தபோது ஏட்டில் இருந்ததற்கும் தொட்டியில் இருந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம்? நான் விழுப்புரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் அனுப்புகிறேன். மற்ற மாவட்டங்களை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தால், ‘தகவல் இல்லை’ என்று வந்தாலும் சரி, ஒரு ஜெராக்ஸ் எடுத்து இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பி வையுங்கள்.